ஆயாவின் மூக்குத்தி எங்கே? குடும்பப் படங்களில் கலை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயாவின் மூக்குத்தி காணாமல் போனதை அத்தைதான் கண்டுபிடித்தார். காரிமங்கலத்து வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியில் கிடைத்த படம் அது. ஸ்கேன் செய்துவிட்டு, தூசும் கீறலும் தானாகப் போகட்டும் என்று மென்பொருளிடம் விட்டுவிட்டேன். படம் பளிச்சென்று வந்தது. பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டினேன். அத்தை கிட்டே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கம்மா மூக்கு ஏன்டா மூளியா இருக்குது?" வெளிச்சம் பட்டு வெள்ளைப் புள்ளியாக இருந்த மூக்குத்தியைத் தூசு என்று துடைத்திருந்தது மென்பொருள்.

பழைய வீட்டுப் படங்களை வைத்து ஒட்டுப்படமோ துணி அச்சோ சிறு கண்காட்சியோ செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தானாகச் சுத்தம் செய்யும் வசதியை அணைத்து வையுங்கள் என்பதுதான். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சில ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு தூசைக் கண்டுபிடிக்கும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளி அந்த ஒளியை மறைப்பதால், படத்தையே தூசு என்று எண்ணிக் கெடுத்துவிடும். புள்ளி புள்ளியாகக் கையால் நீக்குங்கள். ஒரு படத்துக்கு ஒரு சாயங்காலம் போகும், போகட்டும். அந்த நேரத்தில்தான் படம் உங்களுக்குப் பழகும்.

முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளும் இப்படித்தான். மங்கிய கண்ணை அவை மீட்பதில்லை, வேறு யாரோ ஒருவருடைய கண்ணை வரைந்து வைக்கின்றன. நிறமூட்டுவதும் ஊகம்தான். அந்தக் காலத்துப் பிலிம், கண்ணாடித் தட்டுகளில் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் அரக்குச் சேலையும் குங்குமப் பொட்டும் கறுப்பாக விழுந்திருக்கும். சேலை என்ன நிறம் என்று தெரிந்தவர் ஒருவர் வீட்டில் உயிரோடு இருந்தால், கணினியை விட்டுவிட்டு அவரைக் கேளுங்கள்.

ஓரங்களை வெட்டித் தள்ளுவது அடுத்த தவறு. இதில் நான் பட்டது அதிகம். தாத்தா கோட்டுப் போட்டு நிற்கும் ஸ்டூடியோ படத்தில் முகத்தை மட்டும் எடுத்து ஒரு வேலை செய்தேன். பல மாதம் கழித்துப் பெரிய தாத்தாவின் படமும், தாத்தாவின் மச்சான் படமும் கைக்கு வந்தன. மூன்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். மூன்று பேர் மேலும் ஒரே கோட்டு. இடது பக்கம் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு மாதிரி. தாத்தாவுக்குக் கை நீளம், மணிக்கட்டு வெளியே தெரிகிறது. மச்சானுக்கு விரல் நுனிதான் தெரிகிறது. மற்ற இருவர் மணிக்கட்டிலும் ஒரே கைக்கடிகாரம். எல்லாம் ஸ்டூடியோக்காரர் கொடுத்தவை. காலில் மட்டும் அவரவர் செருப்பு, ஒருவர் வெறுங்கால். புழுதி அப்படியே இருந்தது. நான் வெட்டி எறிந்தது அந்தக் கால்களைத்தான். இப்போது அந்த மூன்று படங்களையும் முழுசாக, ஓரத்து வெள்ளைக் கட்டம் உட்பட, வரிசையாக மாட்டியிருக்கிறேன். வேறு எதுவும் செய்யவில்லை. என் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சரி, கைவேலைக்கு வருவோம். அசல் படத்தில் கத்தரி, பசை, ஊசி எதுவும் படக்கூடாது. நூல் கோத்துத் தைக்க ஆசையா, நகலில் தையுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் பிய்த்தால் முதுகு கிழியும். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போனதைப் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்துப் படம் பிடியுங்கள். 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 1200க்கு 1800 பிக்சல்தான் வரும். அதை ஏ3 தாளில் அச்சிட்டால் தெளிவு போய்விடும். 600க்குக் குறையாமல் எடுங்கள், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை மூலமாக நினைத்து வேலை தொடங்காதீர்கள்.

முதுகையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். எங்கள் பெட்டியில் ஒரு படத்தின் பின்னால் "தர்மபுரி, சேலம் ஜில்லா" என்றிருந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபரில், ஆகவே படம் ஏறத்தாழ அதற்கு முந்தையது. பழைய ரப்பர் முத்திரையைச் சில வருடம் கூடுதலாகவும் குத்தியிருப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல். இன்னொரு படத்தை 1950இல் கிருஷ்ணகிரி பக்கத்து கே.ஆர்.பி. அணையில் எடுத்தது என்று மாமா அடித்துச் சொன்னார். அணை கட்டி முடிந்ததே அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான். கேட்டதை அப்படியே தலைப்பில் போடாமல் ஒருமுறை சரிபாருங்கள். நீங்கள் ஏதாவது எழுதுவதானால் மெல்லிய பென்சிலில், ஓரமாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா மறுபக்கம் தடம் பதிக்கும்.

துணியில் நீல அச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சயனோடைப் என்னும் இந்த முறையை 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். இரும்பு உப்புக் கரைசலைப் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலச வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் குறைவில்லை, தொல்லை தண்ணீரில்தான். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்பு. காரத்தன்மை உள்ள தண்ணீரில் அலசினால் நீலம் வெளிறும். சோடா உப்பில் துவைத்த வேட்டியில் அச்சிட்டால் மஞ்சளிக்கும். ஆயாவின் பழைய சேலையில் நான் செய்த முதல் அச்சு அப்படித்தான் போயிற்று, சேலையும் திரும்பி வராது. துணியை நன்றாக அலசி வையுங்கள், அச்சை அலசும் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் சேருங்கள். முதல் முயற்சியைப் புதுத் துணியில் செய்யுங்கள்.

அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இரண்டு படங்களைச் சேர்ப்பதும் வேண்டாம். ஓவியர் விவான் சுந்தரம், தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் இணைத்து, பெரியம்மா அம்ரிதா ஷேர்கிலையும் மற்றவர்களையும் வெவ்வேறு வயதில் ஒரே அறையில் நிறுத்தினார். யார் யாருக்கு என்ன உறவு என்று அந்த வீட்டுக்குள்ளிருந்து அறிந்தவர் செய்த இணைப்பு அது.

கடைசியாக, கேட்காமல் காட்டுவது. படம் உங்கள் கையில் இருக்கலாம், அதில் இருப்பவர் இன்னொருவருடைய அம்மா. எங்கள் பெட்டியில் சாவு வீட்டுப் படம் ஒன்று உண்டு. ஆயாவை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். பத்து வயதில் அத்தை, கண் வீங்கி, நேராக லென்ஸைப் பார்க்கிறார். படமாகப் பார்த்தால் பெட்டியிலேயே அதுதான் வலுவானது. கண்காட்சியில் வைக்கட்டுமா என்று கேட்டேன். அத்தை அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மூக்குத்தி போட்ட படத்த வை. இது வேணாம்டா" என்றார். அதை மெல்லிய காகிதத்தில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.