முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு பழைய ஆய்வைப் பிரித்துப் பாருங்கள்

கல்விக் கொள்கையிலும் திட்ட மதிப்பீட்டிலும் (ஒரு திட்டம் பலன் தந்ததா என்று அளந்து பார்ப்பது) முனைவர் பட்டம் செய்ய நினைப்பவர்கள் எடுத்தவுடன் தலைப்பைத் தேடி அலைகிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஏற்கெனவே வெளியான மதிப்பீடு ஒன்றின் தரவை இறக்கி, அதன் முக்கிய அட்டவணையை நீங்களே மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.

தொடங்குவதற்கு ஏற்றது, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் ஆரம்பித்த 'ஸ்டார்' சோதனை. வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் படிப்பு மேம்படுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். 13 முதல் 17 பிள்ளைகள் கொண்ட சிறிய வகுப்பு ஒருபுறம், 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு மறுபுறம். யார் எதில் என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடுவது ஒரு மாலை நேர வேலைதான். பள்ளியை விட்டுப் போனவர்கள், நடுவில் வகுப்பு மாறியவர்கள், தேர்வெழுதாதவர்கள் ஆகியோரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோசிக்கும்போதுதான் தலை சுற்றும். எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் காரணத்தோடு நோட்டில் குறித்து வையுங்கள். சேர்க்கை நேர்காணலில் கைகொடுக்கும்.

அடுத்து கலிஃபோர்னியா. 1996-இல் அங்கே தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைத்தார்கள். மாநிலம் முழுக்க ஒரே வீச்சில் செய்ததால் அறைகளுக்குத் தட்டுப்பாடு. முழுத் தகுதி பெறாதவர்களும் ஆசிரியர்களானார்கள். சோதனைக்கும் கொள்கைக்கும் இடையே விழுந்த இந்த இடைவெளியில் ஆய்வுக் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன.

ஆய்வு வழிகாட்டியை முடிவு செய்யுமுன் அவருடைய மாணவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: உங்கள் ஆய்வுக்கான தரவு கைக்கு வர எத்தனை மாதம் ஆனது?