நாட்டுத் தக்காளி: பழத்தை அளந்து, செடியைத் தேர்ந்து, விதை எடுக்கும் முறை

சென்ற மாசி மாதத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறம் நிறையத் தக்காளியைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்தார். "நீ குடுத்த விதைதான் தம்பி. ஒண்ணு எலுமிச்சங்காய் கணக்கா இருக்கு, ஒண்ணு பூசணி மாதிரி வரி வரியா இருக்கு. கலப்பு விதையா இது?" என்று கேட்டார். அந்த முறத்தில் இருந்தவை அனைத்தும் இரண்டே செடிகளில் பறித்த பழங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கத்து மணலில் நாட்டுத் தக்காளி வளர்க்கும் பலருக்கும் இந்த ஐயம் எழுகிறது என்பதால், பழங்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதை வீட்டிலேயே கண்டறிந்து, சரியான செடியிலிருந்து விதை எடுக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். தேவையானவை ஒரு சமையலறைத் தராசு, ஓர் அளவுகோல், கூர்மையான கத்தி, ஒரு நோட்டு, கொஞ்சம் சிவப்பு நூல்.

முதல் படி: விதையும் பருவமும்

தலைமுறையாக விதை எடுத்து வளர்க்கப்பட்டுவரும் ரகமாக இருந்தால்தான் இந்த முறை பயன்படும். பாக்கெட்டில் எஃப்1 என்று அச்சிட்டிருந்தால் அது வீரிய ஒட்டு விதை. அதன் பழத்திலிருந்து விதை எடுத்து நட்டால் அடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி குணம் பிரிந்துவிடும்.

ஐப்பசிக் கடைசியில், மழைச் சாரல் படாத தாழ்வாரத்தில் நாற்று விட்டு, 25 முதல் 30 நாள் ஆன நாற்றைக் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழித் தொடக்கத்திலோ நடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் வேகம் அப்போது தணிந்திருக்கும். பூக்கள் தை மாதத்துக் குளிர்ந்த இரவுகளில் மலரும். இது மிகவும் முக்கியம். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவும் 24 பாகைக்குக் கீழே இறங்காத பங்குனி, சித்திரையில் மகரந்தத்தூள் வலுவிழந்துவிடுவதால், பூ உதிரும் அல்லது விதையில்லாத சிறு பழமாக நின்றுவிடும். அந்தப் பழங்களை வைத்து ஒரு ரகத்தை மதிப்பிடக் கூடாது.

ஒரே ரகத்தில் குறைந்தது ஆறு செடிகளாவது வேண்டும். இரண்டடி இடைவெளி விட்டு, குழிக்கு இரண்டு கை மக்கிய ஆட்டெருவும் ஒரு கை வேப்பம்பிண்ணாக்கும் இட்டு நடுங்கள். நம் மணலில் வேர்முடிச்சு நூற்புழு அதிகம். அது தாக்கிய செடியின் பழங்கள் சிறுத்துப் போகும் என்பதற்காகவே பிண்ணாக்கை வலியுறுத்துகிறேன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சியில் எண் எழுதி ஊன்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீரை அறிதல்

மண்டபம் முதல் தேவிபட்டினம் வரை கடலோரக் கிணறுகளில் மேலாக நல்ல தண்ணீரும் அடியில் உவர்நீரும் இருப்பதை நாம் அறிவோம். கோடை நெருங்க நெருங்க இறைக்கும் நீரின் உப்பும் ஏறுகிறது. வேர்ப்பகுதி மண்ணின் உவர்ப்பு, மீட்டருக்கு 2.5 டெசிசீமென்ஸ் (உவர்ப்பை அளக்கும் அலகு) என்ற அளவைத் தாண்டினால் தக்காளியின் விளைச்சல் குறையத் தொடங்கி, அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு சரிகிறது. உப்பு மிகுந்த மண்ணில் வேர் நீரை உறிஞ்சத் திணறுவதால் பழத்துக்குள் போகும் நீர் குறைந்து, பழம் சிறுத்துவிடும். அதே காரணத்தால் சாறு செறிவாகி, சுவை கூடும். ஆகவே உவர்நீர் பாய்ந்த வரிசையில் காய்த்த சிறிய பழம் விதையின் குற்றமன்று. மாசி மாதத்துப் பழமும் பங்குனிப் பழமும் அளவில் வேறுபடுவதற்கு வெப்பத்தோடு இந்த உப்பும் ஒரு காரணம்.

எண்ணிட்ட எல்லாச் செடிகளுக்கும் ஒரே கிணற்று நீரை ஒரே அளவில் ஊற்றுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பின்னால் எடுக்கும் அளவுகளுக்குப் பொருளே இல்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை சென்று சேராமல், அடிப்பக்கம் கருத்து அழுகும். தென்னை மட்டையையும் சருகையும் மூடாக்காகப் போட்டு ஈரத்தைச் சீராக வைத்திருங்கள்.

மூன்றாம் படி: பூவைப் பார்த்தல்

பழத்தின் அறைகள் எத்தனை என்பது பூ மலர்வதற்கு முன்பே, மொட்டுக்குள் இருக்கும் சூலகத்தில் (பின்னால் பழமாக மாறும் பகுதியில்) முடிவாகிவிடுகிறது. காலையில் ஒரு பூவை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான பூவில் ஐந்து அல்லது ஆறு மஞ்சள் இதழ்கள் இருக்கும்; நடுவில் கூம்பு போன்ற மகரந்தக் குழலும் அதன் நுனியில் குண்டூசித் தலை போன்ற பச்சைச் சூல்முடியும் தெரியும். சில பூக்களில், குறிப்பாகப் பெரும்பழ ரகங்களின் முதல் கொத்தில், காம்பு தடித்து, இதழ்கள் எட்டு, பத்து என்று நெருங்கி, சூல்முடி நாடாவைப் போலத் தட்டையாக அகன்றிருக்கும். அது ஒட்டிப் பிறந்த பூ. அதிலிருந்து வருவதே பூசணி வரியும் அடியில் தழும்பும் கொண்ட பெரிய பழம். பழமான பிறகும் அடையாளம் தெரிய, அத்தகைய பூவைக் கண்டவுடன் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும்; ஆனால் குழல் அதிர்ந்தால்தான் தூள் நன்றாக உதிரும். சாதாரணத் தேனீயால் அப்படி அதிரச் செய்ய முடியாது. கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் செய்கின்றன. வாடைக்காற்றும் நமக்கு உதவுகிறது. காற்றில்லாத நாளில், காலை ஒன்பது மணிக்கு மேல், கொத்தின் காம்பை இரண்டு மூன்று முறை சுண்டிவிடுவது போதும்.

நான்காம் படி: அளத்தல், அறுத்தல்

ஒவ்வொரு செடியிலும் இரண்டாம், மூன்றாம் கொத்துகளிலிருந்து பத்துப் பழங்களை நன்றாகப் பழுத்த பிறகு பறியுங்கள். எடை, உயரம், அகலம், கொத்தில் எத்தனையாவது பழம் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தில் தண்டுக்கு அருகே முதலில் மலரும் பூக்கள் பெரிய பழங்களாகவும், நுனியில் கடைசியாக மலர்பவை சிறியனவாகவும் ஆவது இயல்பு என்பதால் அந்த நான்காவது குறிப்பு அவசியம். உயரத்தை அகலத்தால் வகுத்தால் ஒன்றை ஒட்டி வருவது உருண்டை, 0.8-க்குக் கீழே வருவது தட்டை, 1.2-க்கு மேல் வருவது நீளம்.

பிறகு பழத்தைக் குறுக்காக, இடுப்பில் அறுங்கள். விதையும் கூழும் நிறைந்த அறைகளை எண்ணுங்கள். செர்ரித் தக்காளியில் பெரும்பாலும் இரண்டு அறைகள். வரி விழுந்த பெரிய ரகங்களில் ஆறுக்கும் மேல். ஒரு பக்கம் சரிந்த கோணல் பழத்தை அறுத்துப் பார்த்தால் காரணம் கண்முன்னே தெரியும்: புடைத்த பக்கத்து அறைகளில் கூழ் ததும்ப முற்றிய விதைகள் நிறைந்திருக்க, ஒடுங்கிய பக்கத்தில் சதை சுவரோடு ஒட்டி, வெள்ளைப் பொட்டுகளாக விதைச் சுவடு மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்துச் சூல்களுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை. அக்காவின் முறத்தில் இருந்த பெரும்பாலான கோணல் பழங்கள் இந்த வகைதான்.

ஐந்தாம் படி: கணக்கைப் படித்தல்

ஒரு செடிக்குள்ளேயே பழத்துக்குப் பழம் உள்ள வேறுபாடு கொத்தில் உள்ள இடத்தாலும், மகரந்தத்தாலும், நீராலும் வந்தது. ஒரு செடியின் எல்லாக் கொத்துகளும் மற்ற ஐந்து செடிகளிலிருந்து ஒரே மாதிரி விலகி நின்றால்தான் விதையில் கலப்பு என்று ஐயுற வேண்டும். கலப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. 10 கிராம் பழம் தரும் ரகமும் 250 கிராம் பழம் தரும் ரகமும் கலந்தால், முதல் தலைமுறைப் பழம் நடுவெண்ணான 130 கிராமை ஒட்டி வராது. சிறிய பழத்தின் பக்கமே சாய்ந்து 50 கிராம் அளவில் நிற்கும். பேரிக்காய் வடிவத் தக்காளி உருண்டைத் தக்காளியோடு கலந்தால், பேரி வடிவம் அந்தத் தலைமுறையில் பெரும்பாலும் மறைந்து, அடுத்ததில் சில செடிகளில் மட்டும் மீண்டும் தலைகாட்டும்.

ஆறாம் படி: விதை எடுத்தல்

பல ஆண்டுகளுக்கு முன் நான் நூல் கட்டாமல், தோட்டத்திலேயே பெரிதாக இருந்த ஒற்றைப் பழத்திலிருந்து மட்டும் விதை எடுத்து, ஒரு பாத்தி முழுவதும் நட்டேன். வந்தவை அனைத்தும் சாதாரண அளவுப் பழங்களே. அது ஒட்டிப் பிறந்த பூவின் பழம் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு செடியின் பெரிய பழத்திலும் சிறிய பழத்திலும் இருப்பது அதே செடியின் மரபுதான். எனவே பழத்தைப் பார்த்து மயங்காமல், பத்துப் பழங்களின் கணக்கிலும் சீராக நின்று, நோயின்றி, உவர்நீரைத் தாங்கி, நிறையக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே செடியோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று செடிகளைத் தேர்வது நல்லது. வேறு ரகமும் அருகில் இருந்தால், மலர்வதற்கு முன்பே ஒரு கொத்தைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டி, காய் பிடித்த பின் அவிழ்த்து, அந்தக் காம்பில் அடையாளம் வையுங்கள்.

பழத்தின் கூழை விதையோடு ஒரு கிண்ணத்தில் பிழிந்து, நம் வெப்பத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நாள் புளிக்க விடுங்கள். அதற்கு மேல் வைத்தால் விதை கிண்ணத்திலேயே முளைவிடும். நல்ல தண்ணீரில் அலசி, மூழ்கும் விதைகளை மட்டும் எடுத்து, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கடற்காற்றின் ஈரம் விதையைக் கெடுக்கும் என்பதால், நன்கு உலர்ந்த பின் காகிதத்தில் மடித்து, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். மடிப்பின் மேல் செடியின் எண், மாதம், பத்துப் பழங்களின் குறைந்த எடையும் கூடிய எடையும், அறைகளின் எண்ணிக்கை, எந்தக் கிணற்று நீர் என்பவற்றை எழுதிவிடுங்கள்.