பணியிடத்தில் நவம்பர் 11 மௌன அஞ்சலி: ஏற்பாடு செய்பவருக்கான வழிகாட்டி

பிரிட்டனில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்குப் பல அலுவலகங்களும் கடைகளும் பள்ளிகளும் இரண்டு நிமிடம் வேலையை நிறுத்திவிட்டு, போர்களில் உயிரிழந்தவர்களை நினைத்து மௌனமாக நிற்கின்றன. அன்று அங்கே பொது விடுமுறை இல்லை. இந்த மௌனத்தைக் கடைப்பிடித்தே தீர வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை. எனவே அதை நடத்துவதா, எப்படி நடத்துவது என்ற கேள்வி ஒரு மேலாளரின் அல்லது மனிதவளத் துறை அலுவலரின் மேசைக்கு வந்து சேர்கிறது. அந்த மேசையில் இன்று தமிழர்கள் பலர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதால் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். நடத்தலாம், ஆனால் கலந்துகொள்ளாதவர் யார் என்று எவருக்கும் தெரியவராத வகையில் நடத்த வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஏற்பாடு செய்பவர் அறிந்திருப்பது நல்லது. ஊழியர்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது. 1918 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், நண்பகல் பீரங்கி முழங்கியதும் தெருப் போக்குவரத்து நின்று மக்கள் மௌனம் காக்கும் வழக்கம் தொடங்கியது. அதை நடத்திய மேயர் ஹாரி ஹேண்ட்ஸ், அதற்கு முந்தைய மாதம்தான் தம் மகனைப் போரில் பறிகொடுத்திருந்தார். அதை லண்டனுக்கு எடுத்துச் சென்று பரிந்துரைத்த சர் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக்கின் மூத்த மகன் 1917 டிசம்பரில் பிரான்சில் கொல்லப்பட்டிருந்தார். அந்தப் பரிந்துரையை ஏற்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் விடுத்த வேண்டுகோளின்படி, முதல் உலகப் போரை நிறுத்திய போர்நிறுத்தத்தின் முதலாண்டு நிறைவான 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது நவம்பரின் இரண்டாம் ஞாயிறுக்கு மாறியதால் பணியிடங்களில் ஏறக்குறைய மறைந்துபோனது. 1990-களின் நடுவில் ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு எடுத்த முயற்சியால்தான் வேலை நாளுக்குத் திரும்பி வந்தது. ஆக, மகன்களை இழந்த தகப்பன்மார் தொடங்கிவைத்ததைத்தான் அரசு பின்னர் கையில் எடுத்துக்கொண்டது. போரைப் போற்றுவதற்காக நிற்க மாட்டேன் என்று சொல்லும் சக ஊழியரிடம் இந்த வரலாற்றைச் சொல்லலாம். அதைக் கேட்ட பிறகும் அவர் மறுத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

மறுப்பவர்களுக்குக் காரணங்கள் உண்டு. போர் தொடர்பான சடங்குகள் எதிலும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர் பங்கேற்பதில்லை. சமாதானக் கொள்கையுடைய சிலர், போரில் இறந்தோர் நினைவாகப் பலர் அணியும் சிவப்புப் பாப்பிக்குப் பதிலாக, 1933 முதல் அணியப்பட்டுவரும் வெள்ளைப் பாப்பி மலரோடு வருவார்கள். வட அயர்லாந்தில் வளர்ந்தவருக்குச் சிவப்புப் பாப்பி ஓர் அரசியல் அடையாளமாகத் தெரியக்கூடும். 2009-இல் முடிந்த இலங்கைப் போரில் உறவுகளை இழந்துவிட்டு பிரிட்டனுக்கு வந்த தமிழருக்கோ, தம் வீட்டு இழப்பை வெளியில் சொல்ல இடமில்லாத ஊரில் மற்றவர்களின் இழப்புக்கு எழுந்து நிற்பது எளிதாக இராது. அவரே எல்லாரையும்விட ஆழ்ந்து மௌனம் காக்கவும் கூடும். இவற்றையெல்லாம் விசாரித்து அறிவது மேலாளரின் வேலை அன்று. மத நம்பிக்கைக்கும் மெய்யியல் நம்பிக்கைக்கும் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது என்பதை நினைவில் வைத்திருந்தால் போதும்.

ஒரு வாரம் முன்னதாகச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அதில் நேரம், இடம், யாரை நினைவுகூர்கிறோம் என்ற ஒரு வரி ஆகியவை இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை எழுதும்போது ‘நம் வீரர்கள்’ என்று குறுக்கிவிடாமல் ‘போர்களில் உயிரிழந்த அனைவரும்’ என்று எழுதுவது என் பரிந்துரை. முதல் உலகப் போரில் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் மாண்டனர். இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்ட இடத்தில் 1921-இல் திறக்கப்பட்ட சத்ரி நினைவுச்சின்னம் இன்றும் குன்றின் மேல் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதையில் மடிந்த மலாயாத் தமிழ்த் தொழிலாளர்களுக்கோ, அதே பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு இருப்பது போன்ற பெயர் பொறித்த தனித்தனிக் கல்லறைகள்கூட இல்லை. சீருடை அணியாமல் செத்தவர்களுக்கும் அந்த வரியில் இடம் இருக்க வேண்டும்.

சுற்றறிக்கை இப்படி அமையலாம்: “நவம்பர் 11 காலை 11 மணிக்கு, போர்களில் உயிரிழந்த அனைவரையும் நினைத்து முன்கூடத்தில் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படும். விரும்புவோர் வரலாம், தங்கள் இருக்கையிலேயே அமைதி காக்கவும் செய்யலாம். வராதவர்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 10.45 முதல் 11.15 வரை கூட்டங்கள் வைக்கப்படமாட்டா.” கடைசி வாக்கியம்தான் மிக முக்கியமானது. அந்த அரை மணி நேரம் எல்லாருக்கும் காலியாக இருந்தால், நிற்க விரும்பாதவர் தேநீர் அருந்தப் போகலாம், வெளியே நடந்துவிட்டு வரலாம். கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து போகும் சங்கடம் அவருக்கு நேராது. வருகைப் பதிவும் புகைப்படமும் வேண்டாம். நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் படம் தேவை என்று விளம்பரப் பிரிவு கேட்டால், பாப்பி மலரின் படத்தைக் கொடுங்கள்.

வேலையின் தன்மையைப் பார்த்து விதிவிலக்குகளை முன்பே சொல்லிவிட வேண்டும். இயந்திரத்தின் முன் நிற்பவர் கடிகாரத்தைப் பார்த்துத் திடீரென்று கையை எடுக்கக் கூடாது. நிறுத்த முடிந்த இயந்திரங்களை வழக்கமான முறையில் சில நிமிடம் முன்பே நிறுத்துங்கள், முடியாதவை ஓடட்டும். அழைப்பு மையத்தில் 10.58-க்குப் பின் புதிய அழைப்புகளை எடுக்காமல் இருக்கலாம். பேசிக்கொண்டிருப்பவரை இடையில் காக்கவைக்க வேண்டாம். கடைகளில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுக் கல்லாவை நிறுத்தலாம், ஆனால் பொருள் எடுத்தபடி நடக்கும் வாடிக்கையாளரைப் பார்த்து யாரும் ‘உஷ்’ என்று சொல்லக் கூடாது. மருத்துவமனைப் பிரிவுகளில் நோயாளிக்கு முதலிடம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்க நிதானமான குரல் உடைய ஒருவர் போதும். தீ எச்சரிக்கை மணியை அடையாள ஒலியாகப் பயன்படுத்தாதீர்கள். வெடிச்சத்தமும் வேண்டாம், போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அறையில் இருக்கலாம். சொற்பொழிவு எதுவும் தேவையில்லை. அறிவிப்பவர் கையில் கடிகாரம் கட்டாயம் இருக்க வேண்டும்: நம் ஊர்ப் பொதுக்கூட்டங்களில் ‘ஒரு நிமிட மௌன அஞ்சலி’ என்று சொல்லிவிட்டு இருபதாவது நொடியில் ‘நன்றி, அமரலாம்’ என்று முடித்துவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இரண்டு நிமிடம் என்றால் 120 நொடிகள். நிற்பவர்களுக்கு அது நீளமாகத்தான் தெரியும்.

வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கு இணையவழிக் கூட்டம் வைத்தால் ஒலிவாங்கிகளை ஏற்பாட்டாளரே அணைத்துவிடலாம்; கேமராவைப் போடுவது அவரவர் விருப்பம். அடுத்த ஆண்டுகளுக்கான நாட்காட்டியையும் பார்த்து வையுங்கள்: 2028-இல் நவம்பர் 11 சனிக்கிழமை, 2029-இல் ஞாயிறு. அந்த ஆண்டுகளில் வெள்ளிக்கிழமைக்கு மாற்றி நடத்துவதைவிட, ஊர் நினைவுத்தூணில் நடக்கும் நிகழ்வின் நேரத்தை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவதே பொருத்தம். அன்று பணி நேரம் உள்ள கடைகளும் மருத்துவமனைகளும் மட்டும் வழக்கம்போல் நடத்திக்கொள்ளலாம்.