தொற்றுக் காலத்தில் செய்தி பார்ப்பதில் நாம் செய்த தவறுகள்

2020 ஏப்ரல் 1 அன்று மும்பையில் நாங்கள் வசிக்கும் தாராவியில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. அதன் பிறகு திருநெல்வேலியிலிருந்து போன் நிற்கவே இல்லை. தமிழ் சேனலில் 'தாராவி' என்ற பெயர் வந்தாலே அத்தை அழுதுவிடுவார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் செய்தி பார்க்க ஆரம்பித்து, கடைசியில் என் தூக்கமும் போனது. இன்னொரு நோய் வந்தால் நாம் மறுபடி இப்படித் தவிக்கக் கூடாது.

பத்துக்குப் பத்து அறையில் காலை முதல் இரவு வரை டிவியை ஓடவிட்டது முதல் தவறு. பெரியவர்கள் பார்ப்பதையெல்லாம் குழந்தையும் கேட்டது. ஒதுங்கிப் போக வேறு அறை ஏது? காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் மாநகராட்சியின் கணக்கு வந்த பிறகு கால் மணி நேரம் போதும். படுக்கையில் போன் வேண்டவே வேண்டாம்.

எண்களைத் தப்பாகப் படித்துத்தான் நிறையப் பேர் மனம் உடைந்தார்கள். திரையில் பெரிதாகக் காட்டியது தொடக்கத்திலிருந்து பாதிக்கப்பட்டவர்களின் மொத்தம். குணமாகி வீடு திரும்பியவரும் அதில் இருப்பார். நோய் அடங்கும்போதும் அது ஏறுமே தவிர இறங்காது. பார்க்க வேண்டியது இன்று புதிதாக எத்தனை பேர், இப்போது சிகிச்சையில் எத்தனை பேர் என்பதைத்தான். அதுவும் மும்பை முழுவதற்கும் அல்ல, தாராவி அடங்கிய நம் மாநகராட்சி வார்டான ஜி நார்த்துக்கு. தாராவி, தாதர், மாஹிம் மூன்றுக்கும் தனித்தனியாகவே கணக்கு வந்தது. 2020 டிசம்பர் 25 அன்று தாராவியில் புதிய தொற்று ஒன்றுகூட இல்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்த நல்ல நாள் தெரிந்தே இருக்காது.

அத்தையிடம் ஒன்று சொன்னேன்: தினமும் ஏழு மணிக்கு நானே கூப்பிட்டு எங்கள் பகுதி நிலவரம் சொல்கிறேன், அதுவரை டிவி போடாதீர்கள். ஒரு வாரம் கஷ்டப்பட்டார். அப்புறம் பழகிவிட்டது.

'எதற்கும் இருக்கட்டும்' என்று ஃபார்வர்டு செய்வதும் தவறுதான். 2020 ஏப்ரல் 14 அன்று பாந்த்ரா ஸ்டேஷன் பக்கம் பெருங்கூட்டம் திரண்டது. ஊருக்கு ரயில் விடுகிறார்கள் என்று பரவிய பேச்சும் அதற்கு ஒரு காரணம். வேலையும் காசும் இல்லாமல் தவித்தவர்களை ஒரு பொய் தெருவுக்கு இழுத்தது கொடுமை. ரயில்வேயோ மாநகராட்சியோ சொல்லாத செய்தி உங்கள் போனோடு நிற்கட்டும்.

சரி, எதையுமே பார்க்காமல் இருந்துவிடலாமா? கூடாது. தடுப்பூசி முகாம் எங்கே என்பதுகூடத் தெரியாமல் போய்விடும்.

இவ்வளவு செய்தும் படபடப்பு அடங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, மொழித் தேர்வில் தமிழும் உண்டு.