கிளி திடீரென்று செத்துப்போனால்: ஒரு தையல்காரரின் குறிப்புகள்

காலை ஆறரை மணிக்குக் கூண்டின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். துணி விலகியதும் ஒரு விசில் வரும். அன்று வரவில்லை. முத்து அடித்தட்டில் விரித்திருந்த காகிதத்தின் மேல் ஒருக்களித்துக் கிடந்தான். ஆறு வயது காக்கட்டீல், தலையில் கொண்டை உள்ள சின்னக் கிளி ஜாதி. முந்தின இரவு ஒன்பது மணி வரை என் தையல் மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டு, பாபினில் நூல் தீர்ந்தால் மெஷின் போடும் 'பீப்' சத்தத்தை அப்படியே போட்டு என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தவன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்தவற்றில் பாதி தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். அழுவதற்கு நேரம் இருக்கிறது. சில வேலைகளுக்கு இல்லை. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உடலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். கெட்டுப்போகக் கூடாதே என்ற ஒரே நினைப்புதான். உறையும்போது திசுவுக்குள் இருக்கும் நீர் பனித்துகள்களாக மாறி செல்களைக் கிழித்துவிடும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நோயால் வந்த சேதம் எது, பனியால் வந்த சேதம் எது என்று பிரிப்பது கஷ்டம். மருத்துவர் இதைப் போனில் சொன்னபோது முத்து ஏற்கெனவே கல்லாகியிருந்தான்.

சரியான முறை இது. கிளியின் உடல் சூடு உயிரோடு இருக்கும்போதே 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். இறகு ஒரு கம்பளி மாதிரி அந்தச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும், அதனால் சீக்கிரம் அழுக ஆரம்பித்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த குளிர்ந்த தண்ணீரில் இறகுகளை நன்றாக நனையுங்கள். வெறும் தண்ணீர் இறகின் மேலேயே உருண்டு ஓடிவிடும். சோப்பு இருந்தால்தான் தோல் வரை இறங்கும். பிறகு இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் மூடி, சாப்பாட்டுப் பொருள்களிடமிருந்து தள்ளி, ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் வையுங்கள். அன்றே, தவறினால் மறுநாள், பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும் முன் போன் செய்து எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேதப் பரிசோதனை கட்டாயமா? இருந்தது அந்த ஒரு கிளிதான், மனசு வரவில்லை என்றால் விட்டுவிடலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டில் வேறு பறவை இருந்தாலோ, யாருக்காவது காய்ச்சல், இருமல் இருந்தாலோ செய்துவிடுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: அறுத்துப் பார்த்தாலும் எல்லா நேரமும் பதில் கிடைக்காது. எனக்கு வந்த தாளில் 'காரணம் தெரியவில்லை' என்றுதான் இருந்தது. வயிற்றில் உலோகம் இல்லை, எலும்பு முறிவு இல்லை. அதற்கு மேல் பார்க்க ஃப்ரீசர் விடவில்லை.

கூண்டை உடனே கழுவிவிடாதீர்கள். அடிக்காகிதத்தை எச்சத்தோடு போட்டோ எடுத்து, மடித்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். நினைவு ஈரமாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: கடைசியாக என்ன சாப்பிட்டது, வீட்டில் என்ன ஸ்ப்ரே அடித்தீர்கள், பெயின்ட் வேலை நடந்ததா, வாணலி அடுப்பில் காலியாகக் காய்ந்ததா, இரவில் படபடவென்று சத்தம் கேட்டதா. காக்கட்டீல் இருட்டில் மிரண்டு கூண்டுக்குள் மோதிக்கொள்ளும் ஜாதி, அதனால்தான் அந்தக் கடைசிக் கேள்வி. இரண்டு நாள் போனால் நடந்ததும் பயந்ததும் கலந்துவிடும்.

இன்னொரு பறவை இருந்தால் அதுதான் இப்போது முக்கியம். புகை, நெடி ஏதாவது சந்தேகம் என்றால் உடனே நல்ல காற்றுள்ள வேறு அறைக்கு மாற்றுங்கள். இறகை உப்பிக்கொண்டு உட்காருவது, மூச்சுக்கு ஒரு தரம் வால் ஏறி இறங்குவது, பகலில் அடித்தட்டில் போய் உட்காருவது, இவற்றில் எது தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

சுத்தம் செய்யும்போது காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு துடையுங்கள். சிட்டகோசிஸ் என்று ஒரு பாக்டீரியா நோய் உண்டு. கிளியின் எச்சத் தூசி வழியாக மனிதர்களுக்கும் வரும். அடுத்த சில வாரங்களில் உங்களுக்குக் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால் மருத்துவரிடம் 'வீட்டில் கிளி செத்தது' என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும் நோய்தான்.

இனி ராத்திரி இரண்டு மணிக்கு வரும் விஷயம். என்னால்தானோ?

என் தையல் அறையே சந்தேகக் கைதிகள் கூடம் ஆனது. குண்டூசி, கொக்கி, ஜிப் முனை, எல்லாம் கிளி வாயில் போடக்கூடிய உலோகம். ஈயமும் துத்தநாகமும் கிளிகளுக்கு விஷம். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. அடிப்பக்கம் நான்ஸ்டிக் பூச்சு. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் நிறமில்லாத ஒரு புகை வரும். அடுப்பில் காலியாக மறந்துவிட்ட நான்ஸ்டிக் தவா 260 டிகிரியைச் சீக்கிரமே தாண்டிவிடும், அந்தப் புகையில் கிளி சில நிமிடங்களில் செத்துவிடலாம். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும், கூடவே காற்றுப் பைகள் வேறு. பறக்க உதவும் அதே அமைப்பு விஷக் காற்றையும் மிச்சமில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நான் மூன்று நாள் இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. பிறகு மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். "இன்னொரு பறவை அதே அறையில்தானே இருந்தது?" என்று திருப்பிக் கேட்டார். ஆமாம், என் இன்னொரு பறவை மணி, இரண்டு அடி தூரம் தள்ளி இருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. புகை என்றால் பெரும்பாலும் அவளையும் சும்மா விட்டிருக்காது என்றார். பெரும்பாலும். அந்த வார்த்தையோடு இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பட்டியலையும் இப்படி ஒரு முறை, பகலில், தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். உண்மையிலேயே ஆபத்தான பொருளை வீட்டை விட்டு எடுத்துவிடுங்கள். மற்றதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கிளி இரையாகும் ஜாதி. நோய் இருப்பதைக் காட்டினால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் நிற்க முடிகிற வரை நின்று, தின்கிற மாதிரி நடித்து, கடைசி நாளில்தான் விழும். 'நேற்று வரை நன்றாக இருந்ததே' என்று நாம் சொல்வது பல நேரம் அது காட்டிய நேற்று. இதயம், ரத்தக்குழாய், கல்லீரல் கோளாறுகள் அப்படித்தான் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். வெறும் விதை மட்டுமே தின்று வளர்ந்த கிளிக்கு அவை வர வாய்ப்பு கூடுதல். பெண் கிளியாக இருந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆண் துணை இல்லாமலும் முட்டை வைக்கும்.

"ஒரு கிளிக்குப் போயா இப்படி?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிக் களைத்துப்போகாதீர்கள். "ஆமா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால் சொற்களில் கவனம் வேண்டும். 'தூங்கிவிட்டது' என்றால் அது தூங்கப் பயப்படும். என் அக்கா பையனிடம் நான் 'பறந்துபோயிட்டான்' என்று சொல்லித் தொலைத்தேன். ஐந்து வயது. அன்று சாயங்காலம் முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்து, கையில் தினைக் கதிரோடு நின்றான். பிறகு உட்காரவைத்து, செத்துப்போச்சு, உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வராது என்று சொல்ல வேண்டியதாயிற்று. முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

துணை இழந்த பறவையும் தேடும். மணி நான்கு நாள் அழைத்துக்கொண்டே இருந்தாள், இடையிடையே நிறுத்திப் பதிலுக்குக் காத்திருந்தாள். அப்படிப்பட்ட பறவையின் வழக்கமான நேரங்களை மாற்றாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். சாப்பாட்டை மட்டும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். உமியைக் கொத்திப் போட்டுவிட்டு விதை தின்ற மாதிரி காட்டும். சின்னப் பறவைக்கு ஒரு நாள் பட்டினிகூட ஆபத்து.

புதுக் கிளி வாங்க அவசரப்பட வேண்டாம் என்பேன். துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். காரணம் தெரியாத சாவுக்குப் பின்னால் தொற்று இருந்திருக்கலாம். கிளிகளின் அலகு, இறகு நோயை உண்டாக்கும் வைரஸ் பொருள்களில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். மரத்தால் ஆன கம்புகளையும் பொம்மைகளையும் எறிந்துவிடுங்கள். வந்தாலும் புதியதைக் குறைந்தது 30 நாள் தனி அறையில் வையுங்கள். பழைய பெயரை மட்டும் வைக்காதீர்கள், பாவம்.

முத்துவின் இறகுத் தூள் இன்னும் அலமாரியின் மேல்தட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதைத் துடைக்கவில்லை. தூசியைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னவர் இப்படிச் செய்யலாமா என்றால், கூடாதுதான்.

தினமும் காலையில், தீனிக்கு முன், மணியைச் சமையல் தராசில் நிறுத்தி எடை எழுதுகிறேன். இதை முத்து இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும். நடிக்கிற பறவையால் தராசிடம் நடிக்க முடியாது. வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில்தான் குறிக்கிறேன், மார்பு, இடுப்பு, கை நீளத்துக்கு அடியில். இன்று: மணி, 91 கிராம்.