எந்த ஊரை முதலில் பார்ப்பது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் உங்களை வீட்டுக்குச் சாப்பிட அழைப்பார்கள். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வருவதற்குள், "லாங் வீக்கெண்டுக்கு எங்கே போகிறீர்கள்?" என்ற கேள்வி வந்துவிடும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதற்குள் அங்கே கட்சி பிரிந்துவிடும். நியூயார்க்கைப் பார்க்காதவன் அமெரிக்காவையே பார்க்காதவன் என்பார் ஒருவர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு டிஸ்னி பூங்கா இருக்கும் ஆர்லாண்டோ போகாமல் இருக்கலாமா என்பார் அடுத்தவர். கலிபோர்னியாவிலிருந்து வேலை மாறி வந்தவர் கூட்டத்தில் இருந்தால் சான் பிரான்சிஸ்கோ புராணம் பாயசம் வரை நீளும்.

அவரவர் சொல்வது அவரவருக்குச் சரி. ஆனால் அவர்கள் எல்லாரும் இங்கே வேரூன்றியவர்கள். வாசலில் கார் நிற்கிறது. கிரெடிட் கார்டில் புள்ளிகள் சேர்ந்து கிடக்கின்றன. உங்களுக்கோ ஓட்டுநர் உரிமமே கைக்கு வந்திருக்காது. வீட்டு முன்பணம், கட்டில், மெத்தை என்று சேமிப்பு கரைந்திருக்கும். எனவே ஒரு நகரத்தை இரண்டே கேள்விகளால் எடைபோடுங்கள் என்பேன்: கார் இல்லாமல் சுற்ற முடியுமா? உள்ளே நுழைய எவ்வளவு கேட்பார்கள்? இந்த இரண்டிலும் தலைநகர் வாஷிங்டனை அடித்துக்கொள்ள வேறு ஊர் கிடையாது.

வாஷிங்டன்: காசு கேட்காத ஊர்

ஸ்மித்சோனியன் என்ற பெயரை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. தம்பி மகன் வாரிசில்லாமல் இறந்தால் தன் சொத்து அறிவு வளர்ச்சிக்காக அமெரிக்காவுக்குச் சேரட்டும் என்று உயில் எழுதிவைத்தார்; அப்படியே நடந்தது. அந்தப் பணத்தில் 1846-ல் தொடங்கிய நிறுவனம் இன்று 21 அருங்காட்சியகங்களையும் ஓர் உயிரியல் பூங்காவையும் நடத்துகிறது. வாஷிங்டனில் இருப்பவை எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. கிறிஸ்துமஸ் ஒரு நாள் தவிர ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். தேங்க்ஸ்கிவிங் அன்று ஊரே கடையடைத்துக் கிடக்கும்போது, எங்கே போவதென்று தெரியாமல் அறையில் முடங்கிக் கிடப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்கள் 1903-ல் ஓட்டிய அதே விமானம் இருக்கிறது. இதற்கும் கட்டணம் இல்லை, ஆனால் நேரம் குறித்த அனுமதிச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்திருக்க வேண்டும். இது தெரியாமல் வாசலில் நின்று திரும்பும் குடும்பங்களை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் மெல்லச் சுழலும் நீல ஹோப் வைரம், ஆந்திரத்தின் கொல்லூர் சுரங்கத்தில் எடுக்கப்பட்டதாகக் கருதப்படுவது. ஆசியக் கலைக்கான ஃப்ரியர் தொகுப்பில் ஒரு சோழர் கால வெண்கலப் பெண் சிலை உண்டு. பார்வதியாக வடிக்கப்பட்ட சோழ அரசி செம்பியன் மாதேவி அது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இடுப்பு ஒடுங்கி, ஒரு கை தளர்ந்து தொங்க நிற்கும் அந்த நிற்பைப் படத்தில் பார்ப்பது வேறு, எதிரே நின்று பார்ப்பது வேறு. ஸ்மித்சோனியனைச் சேராத தேசிய ஓவியக் கூடத்துக்கும் கட்டணம் இல்லை. அமெரிக்கக் கண்டங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் ஒரே லியொனார்டோ டா வின்சி ஓவியம் அங்கேதான்.

புதியவர்களை ஏமாற்றுவது தூரம். இந்த அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கும் நேஷனல் மால், பெயரில்தான் மால். கடை கண்ணி எதுவும் இல்லாத நீண்ட புல்வெளி. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர். வரைபடத்தில் விரல் நீளம்தான் தெரியும்; ஆகஸ்டு வெயிலில் நடந்தால் சென்னையே தேவலை என்று தோன்றும். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மாலை 5.30-க்கு மூடிவிடும், நினைவகங்களோ இரவு முழுவதும் திறந்திருக்கும். ஆகவே பகலில் உள்ளே, இருட்டிய பிறகு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். லிங்கன் நினைவகப் படிகளில் இறங்கும்போது கீழே பார்த்து நடங்கள். 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்ன இடத்தில் அந்தச் சொற்களைக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். கூட்டம் அதை மிதித்துக்கொண்டே செல்ஃபி எடுக்கும். சாப்பாடுதான் குறை. உள்ளே இருக்கும் உணவகங்களில் விலை எகிறும். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

நியூயார்க்கும் பக்கத்து ஊரும்

நியூயார்க் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இரவு முழுக்கச் சுரங்க ரயில் ஓடும் ஊர். கார் அங்கே வெறும் பாரம். பணம்தான் தண்ணீராய்ப் போகும். சுதந்திர தேவி சிலை நிற்கும் தீவில் இறங்க வேண்டுமென்றால் ஸ்டேச்சூ சிட்டி குரூசஸ் படகு ஒன்றுதான் வழி. படகுத் துறை இருக்கும் பேட்டரி பார்க் பக்கம் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வழிமறித்து டிக்கெட் விற்பவர்களிடம் நின்றுகூடப் பேசாதீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்பவர்கள் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் ஆரஞ்சு நிறப் படகில் ஏறலாம். அது அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களின் படகு, முழுக்க இலவசம், ஒரு வழிக்குச் சுமார் 25 நிமிடம். போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள், சிலை அந்தப் பக்கம்தான் வரும். அக்கரையில் எல்லாரும் இறங்கியே ஆக வேண்டும். இறங்கி, சுற்றிவந்து, அடுத்த படகில் ஏறுங்கள். இந்த இலவசப் படகுக்கே டிக்கெட் விற்கும் கில்லாடிகளும் அங்கே உண்டு.

டைம்ஸ் சதுக்கத்துக்கு அரை மணி நேரம் போதும். அங்கே மிச்சப்படுத்திய நேரத்தில் 7-ம் எண் ரயிலில் ஏறி, கடைசி நிலையமான ஃபிளஷிங்கில் இறங்குங்கள். 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்த மகா வல்லப கணபதி கோயில் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கோயிலின் கீழ்த்தளத்தில் இருக்கும் உணவகத்தின் தோசைக்காகவே மன்ஹாட்டனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

விருந்து மேசை வாதங்களில் யாரும் பெயரைக்கூட எடுக்காத ஊர் ஃபிலடெல்ஃபியா. நியூயார்க்கிலிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். அமெரிக்க விடுதலையின் சின்னமான 'லிபர்ட்டி பெல்' என்ற விடுதலை மணியைப் பார்க்கக் காசு இல்லை, சீட்டும் வேண்டாம். 1776-ல் விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய மண்டபமும் அதன் எதிரிலேயே இருக்கிறது. ஆனால் நான் உங்களை அங்கே அனுப்புவது வேறொரு மண்டபத்துக்காக. மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த கல் தூண்களை 1912-ல் மதுரைக்கு வந்த ஃபிலடெல்ஃபியாப் பெண் ஒருவர் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919-ல் அவை அந்த ஊர்க் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மாடிக்கூடம் ஒன்றுக்குள் மண்டபமாகவே நிறுத்தியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, விபூதி இல்லை, வௌவால் வாடை இல்லை. துடைத்து வைத்த பாத்திரம்போல இருக்கிறது. பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்பது உங்கள் பாடு. பார்க்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

சிகாகோ

என் பட்டியலில் இரண்டாவது இடம் சிகாகோவுக்கு. மே முதல் அக்டோபருக்குள் போனால் மட்டும். ஜனவரியில் மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று, நீங்கள் வாங்கிய முதல் குளிர்கோட்டைக் கேலி செய்யும். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நீலப் பாதை ரயில் நேரே ஊர் நடுவில் கொண்டுவிடும்.

அங்கே ஒன்றுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால், ஆற்றில் போகும் கட்டடக்கலைப் படகுச் சவாரிக்குச் செலவழியுங்கள். 1871-ல் பெருந்தீயில் ஊரின் நடுப்பகுதி எரிந்துபோனது. அதன்பின் எழுந்த கட்டடங்கள் இரு கரையிலும் நிற்கின்றன. படகிலிருந்து அண்ணாந்து பார்த்தால் வில்லிஸ் கோபுரத்தின் சூட்சுமம் புரியும்: தனித்தனியான ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தி, அவற்றை வெவ்வேறு உயரங்களில் முடித்ததுபோல் இருக்கும். காற்றைத் தாங்க அந்த வழியைக் கண்டவர், டாக்காவில் பிறந்து சிகாகோவில் வேலை பார்த்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 110 மாடி, 1,450 அடி. கால் நூற்றாண்டுக் காலம் உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். நம்மைப் போல வந்திறங்கிய ஒருவர் இந்த ஊரின் வானத்தையே மாற்றியிருக்கிறார் என்பதை அந்தப் படகில் இருக்கும்போது நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. மில்லினியம் பூங்காவில் பளபளக்கும் 'பீன்' சிற்பமும் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்ததுதான். அதைப் பார்க்கக் காசு இல்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற கலை அருங்காட்சியகம். விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அந்தப் பயணத்தில் சென்னை இளைஞர்கள் வீடு வீடாகத் திரட்டிய பணத்துக்கும், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் ஊக்கத்துக்கும் பங்கு உண்டு. எதிரே உள்ள மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு விவேகானந்தர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மேற்கே போனால்

சான் பிரான்சிஸ்கோ அழகுதான், மறுக்கவில்லை. 1937-ல் திறந்த கோல்டன் கேட் பாலத்தை நடந்தே கடக்கலாம், கட்டணம் இல்லை. ஜூலை மாதம் என்று அரைக்கைச் சட்டையோடு போனவர்கள் பனிமூட்டத்தில் நடுங்குவார்கள்; ஸ்வெட்டர் வேண்டும். அல்கட்ராஸ் சிறைத் தீவுக்குச் சில வாரங்கள் முன்பே டிக்கெட் எடுங்கள். காரில் போனால் இருக்கையில் பையை விட்டுவிட்டு இறங்காதீர்கள், காலிப் பையாக இருந்தாலும் சரி. கண்ணாடியை உடைப்பவனுக்கு அது காலி என்று தெரியாது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எனக்கு உயர்வான எண்ணமில்லை. பார்க்கும் இடங்களுக்கு நடுவே நெடுஞ்சாலையில் கழியும் நேரம்தான் அதிகம். நட்சத்திரம் பதித்த ஹாலிவுட் நடைபாதை வெறும் நடைபாதை. கிரிஃபித் வானாய்வகம் விதிவிலக்கு: நுழைவு இலவசம், ஊரே காலடியில் தெரியும். ஆர்லாண்டோவுக்கு, பிள்ளைகள் ஓரளவு உயரம் வளரும்வரை காத்திருங்கள். உயரம் போதாத குழந்தையைப் பெரிய சவாரிகளில் ஏற்றமாட்டார்கள். டிக்கெட்டுக்கு மட்டும் மூன்று வயதிலிருந்தே பணம் வாங்குவார்கள்.

லாஸ் வேகாஸில் அறை வாடகை மலிவாகத் தெரியும். 'ரிசார்ட் ஃபீ' என்ற விடுதி வசதிக் கட்டணமும் உண்டு, மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து கிராண்ட் கேன்யன் போகிறவர்கள் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தளம் இருக்கும் மேற்கு விளிம்பு, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். தேசியப் பூங்கா அல்ல, பூங்காவின் ஆண்டு அட்டை அங்கே செல்லாது. படங்களில் பார்த்து மயங்கிய காட்சி தெற்கு விளிம்பில் இருக்கிறது. லாஸ் வேகாஸிலிருந்து காரில் நாலரை மணி நேரம்.

அப்பா அம்மா வந்தால்

விசா கிடைத்து அவர்கள் வந்து இறங்கியதுமே நயாகரா பேச்சு எழும். அமெரிக்கப் பக்கம் ஒரு மாநிலப் பூங்கா. உள்ளே நடக்கக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தத்தான் பணம். அருவியின் அடிவரை போகும் படகு குளிர்காலத்தில் ஓடாது. நீல மழைக்கோட்டு போட்டவர்கள் அமெரிக்கப் படகு, சிவப்புக்காரர்கள் கனடாப் படகு. எதிர்க்கரையில்தான் முழுக்காட்சி தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கனடா விசா இல்லாமல், அக்கரைக்குப் போகும் ரெயின்போ பாலத்துப் பக்கம் வண்டியைத் திருப்பவே கூடாது. பாதை தவறிப் பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் திரும்ப இடமில்லை. அந்த வட்டாரத்தில் எல்லைக் காவல் படையினர் விசாரிப்பதும் உண்டு, எல்லாருடைய கடவுச்சீட்டும் கையோடு இருக்கட்டும்.

2026 முதல் கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் உட்பட 11 தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பெற்றோருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே திட்டம் போடுங்கள்.

உங்கள் ஊர்ப் பொது நூலகத்திலும் விசாரியுங்கள். பல நூலகங்கள் உறுப்பினர்களுக்கு, புத்தகம் கொடுப்பதுபோலவே அருங்காட்சியக அனுமதிச் சீட்டும் கொடுக்கின்றன. கோடை விடுமுறைக்கு முன்பே பதிந்துவைக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் வாஷிங்டனில் அருங்காட்சியக வாசலிலேயே சக்கர நாற்காலி கேளுங்கள், இலவசமாகத் தருவார்கள். எண்ணிக்கை குறைவு, காலையிலேயே போனால்தான் கிடைக்கும். "எனக்கு எதற்கு அது?" என்று அவர் மறுப்பார், இரண்டாவது கூடம் தாண்டியதும் தானே உட்கார்ந்துகொள்வார்.