போயர் பீரங்கிக் குண்டுகளின் தரத்தை ஆராய்ந்து எழுதும் முறை

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வரலாறு படிக்கும் மாணவர்கள், 1899 அக்டோபர் முதல் 1902 மே வரை தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் நடந்த போயர் போரைக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளும்போது, போயர்களின் குண்டுகளில் பல வெடிக்கவில்லை, ஆகவே அவை மட்டமானவை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு விரைவாகத் தீர்ப்பு எழுத இடமில்லை.

முதலில் எந்தப் பீரங்கியின் குண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். போயர் குடியரசுகளுள் ஒன்றான டிரான்ஸ்வால் அரசு பிரான்சின் க்ருசோ ஆலையிலிருந்து 155 மி.மீ. 'லாங் டாம்' என்னும் பெரும் பீரங்கிகள் நான்கையும், ஜெர்மனியின் க்ருப் நிறுவனத்திடமிருந்து குண்டை உயர வளைத்து எறியும் 120 மி.மீ. ஹோவிட்சர் பீரங்கிகளையும் போருக்கு முன்பே வாங்கியிருந்தது. ஏறத்தாழ ஒரு பவுண்டு எடையுள்ள குண்டுகளை அடுக்கடுக்காகச் சுட்ட 37 மி.மீ. 'பாம்-பாம்' எதிரி நாடான இங்கிலாந்தின் நிறுவனத்துச் சரக்கு. நம் செட்டிநாட்டு வீடுகளின் பழைய ஐந்தொகையில் ஒவ்வொரு பற்றும் வரவும் தனித் தலைப்பில் நிற்பதுபோல, இவையும் தனித்தனியே நிற்க வேண்டும்.

அடுத்தது காலம், இதில்தான் அதிகக் கவனம் தேவை. போயர் குடியரசுகளுக்குக் கடற்கரை இல்லை. போர்த்துக்கீசியரின் லோரென்சோ மார்க்கேஸ் (இன்றைய மபூட்டோ) துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை கண்காணித்தது. 1899 டிசம்பரில் 'புண்டெஸ்ராத்' என்னும் ஜெர்மன் கப்பலையே பிடித்துச் சோதித்தது, ஆயுதம் ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே கையிருப்பு குறையக் குறைய, தங்கச் சுரங்கங்களுக்காக வளர்ந்திருந்த ஜோஹன்னஸ்பர்க்கின் இயந்திரப் பட்டறைகள் குண்டு வார்க்க வேண்டியதாயிற்று. அவற்றுள் முதன்மையான பெக்பி ஆலை 1900 ஏப்ரல் 24 அன்று வெடித்துச் சிதறி, தொழிலாளர் பலர் இறந்தனர். மே 31 அன்று நகரமே பிரிட்டிஷார் கைக்குப் போனது. பிரிட்டிஷார் வசமிருந்த லேடிஸ்மித் நகரைப் போயர்கள் வளைத்துக்கொண்ட முற்றுகையோ 1900 பிப்ரவரி 28 அன்றே முடிந்துவிட்டது. அதன் தொடக்க வாரங்களில் விழுந்து வெடிக்காமற்போன குண்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த கையிருப்பாகவே இருந்திருக்கும் என்பதால், அந்தக் குறையை உள்ளூர்ப் பட்டறைகளின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. அப்பட்டறைகளின் திறமைக்கு வேறு சான்றும் உண்டு: 1899 டிசம்பரில் ஓர் இரவுத் தாக்குதலில் சேதமான லாங் டாம், பிரிட்டோரியாவின் ரயில்வே பட்டறையில் குழாய் வெட்டிச் சீராக்கப்பட்டு, பிப்ரவரியில், போயர்கள் முற்றுகையிட்டிருந்த இன்னொரு நகரான கிம்பர்லியைச் சுட்டது.

வெடிக்காமைக்குக் காரணம் எது என்றும் கேளுங்கள். மோதினால் வெடிக்கும் திரி, இளகிய மண்ணில் புதைந்தால் போதிய அதிர்வு பெறாமல் போகலாம். குறித்த நேரத்தில் வானிலேயே வெடித்துச் சிதற வேண்டிய சிதறுகுண்டு மிக உயரத்தில் வெடித்தது என்றால், அது திரியின் குறையாகவோ நேரத்தைக் கணித்தவரின் குறையாகவோ இருக்கலாம். குண்டின் செப்புப் பட்டை பீரங்கிக் குழாயின் சுருள்வரிகளைப் பற்றிக்கொள்ள எவ்வளவு நுட்பமான அளவு தேவை என்பதை உணர, ஊரிலுள்ள கடைசல் பட்டறை ஒன்றில் ஒரு பிற்பகல் நின்று பாருங்கள். புத்தகத்தைவிட அது நன்றாக விளங்கவைக்கும்.

சான்றுகளில் பெரும்பகுதி முற்றுகைக்குள் இருந்த ஆங்கிலேயரின் நாட்குறிப்புகள். லிட்டைட் என்னும் வலுவான வெடிமருந்து அடைத்த அவர்களுடைய குண்டுகளும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதை அருகிலேயே எழுதுங்கள். 1899 கிறிஸ்துமஸ் அன்று லேடிஸ்மித்துக்குள் போயர்கள் வேண்டுமென்றே வெடிமருந்துக்குப் பதில் பிளம் புட்டிங் என்னும் கிறிஸ்துமஸ் இனிப்பை அடைத்து, வாழ்த்தும் சேர்த்துச் சுட்டார்கள். அதையும் பழுதான குண்டு என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்தியர் பக்கத்துச் சாட்சியையும் தேடுங்கள். லேடிஸ்மித்தில் மலைமேல் இருந்த பெரும் பீரங்கியைக் கவனித்து, அது சுடும்போதெல்லாம் மணியடித்து ஊரை எச்சரித்த ஒப்பந்தக் கூலி பிரபு சிங்கைப் பற்றிக் காந்தி எழுதியிருக்கிறார். அந்த எச்சரிக்கை சாத்தியமானதில் குண்டின் மருந்துக்கும் பங்குண்டு: லாங் டாம் புகையற்ற மருந்தால் அல்லாமல் கருமருந்தால் சுடப்பட்டது, ஆகவே ஒவ்வொரு வேட்டுக்கும் வெண்புகை எழுந்து, குண்டு வந்து சேருமுன் காட்டிக்கொடுத்தது.